மந்தைவெளி மகானுக்கு உடம்பு சரியில்லை

மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் மாற்றிய வருஷம் எங்கள் கட்டடத்தில் ஒரு மகான் இருந்தார். மந்தைவெளியில், பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த பக்கம். முதல் மாடியில் எனக்கு நேர் எதிர் வீடு. என் வாசற்கதவைத் திறந்தால் அவர்கள் கூடம் தெரியும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் பேசுவது கேட்கும். இதில் என் குற்றம் ஒன்றும் இல்லை. பில்டர் அப்படிக் கட்டிவிட்டுப் போனான்.

மகான் ஆவதற்கு முன் அவர் வெறும் சுப்பராமன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அதிகாரி, ஐம்பதைத் தாண்டியவர். தண்ணீர் மோட்டாரை யார் போட்டது, யார் நிறுத்த மறந்தது என்று என்னோடு அடிக்கடி சண்டை போடுவார். நன்றாகவே போடுவார். மனைவி காமாக்ஷி எதையும் தாழ்ந்த குரலில் சொல்லும் சுபாவம், எனக்குத்தான் சிரமம். ஒரே பெண் ஸ்ரீரஞ்சனி தி.நகரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் விமான டிக்கெட் போடும் வேலையில் இருந்தாள். சொந்த ஃப்ளாட், கடன் கிடையாது, குடி கிடையாது. ஊர் வாய்க்கு மெல்ல எதுவுமே கொடுக்காத குடும்பம்.

கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்த சமயத்தில் அவர் சண்டையை நிறுத்தினார். மோட்டார் ஓடித் தொட்டி வழிந்து படியெல்லாம் தண்ணீர். நான் தயாராக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீரை மிதித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மேலே போனார். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம், ஒரு மாதிரி அவமானமாக இருந்தது.

இந்தியா தோற்ற அன்றைக்குத் தெருவே இழவு விழுந்த மாதிரி இருந்தது. அவர் டி.வி. எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாதவர்களின் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்ச் முடிந்து, செய்தி முடிந்து, வயலும் பயிரும் பற்றி யாரோ பேச ஆரம்பித்தபோதும் அதே பார்வை.

அதற்குப் பிறகு ஆபீஸ் போவது நின்றது.

"மஞ்சள் காமாலை மாமி," என்றாள் காமாக்ஷி.

காமாலைக்காரர் இருக்கும் வீட்டில் அப்பளம் பொரிகிற வாசனை வராது. ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனேன். கண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜன்னல் ஓரத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோரைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். குடிங்கோ என்று காமாக்ஷி சொல்ல வேண்டியிருந்தது.

"என்ன பண்றது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் பண்ணலை மாமி," என்றார். பொய் சொல்கிறவர் குரல் இல்லை அது.

குளிப்பது குறைந்தது. சவரம் நின்றது. தாடி நரைத்து வளர்ந்தது. சோறு ரெண்டு கவளம். நல்ல வாட்டசாட்டமான மனுஷர், கன்னம் ஒட்டிப் போனார். ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, "மனசைத் தளர விடாதீங்க சார், ஒரு வாரம் எங்கேயாவது டூர் போய்ட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுந்து பாத்ரூம் போவதற்கே அரை மணி யோசிக்கிறவர் டூருக்கு எங்கே போக.

இதுவரைக்கும் சாதாரணக் கதை. மகான் ஆனது பம்பாயிலிருந்து வந்த ஒரு போனால்.

அவருக்கு நாகசாமி என்று ஓர் அண்ணா. அப்பா இல்லாத குடும்பத்தில் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அவருக்கு மாரடைப்பு, போய்விட்டார் என்று போன். எடுத்தது சுப்பராமன்தான். "அப்படியா," என்றார். "சரி," என்றார். ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். காமாக்ஷி பிடுங்கிப் பிடுங்கிக் கேட்ட பிறகுதான், "அண்ணா போய்ட்டாராம்," என்று விஷயம் வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்து மாணிக்கவாசகம் அங்கே இருந்தார். இரண்டாம் மாடிக்காரர், போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் வாங்கும் பழக்கம் இல்லை, தினமும் அவர்கள் வீட்டில் வந்து படிப்பார். மயிலாப்பூரில் எந்த சபாவில், எந்தக் கோயில் மண்டபத்தில் உபந்நியாசம் நடந்தாலும் முதல் வரிசையில் அவர் துண்டு கிடக்கும். ஆசையை விடு, துக்கத்தில் கலங்காதே என்று முப்பது வருஷமாகக் காதால் கேட்டவர். அப்படிப்பட்ட ஓர் ஆசாமியைக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது எதிரில், பிரம்பு நாற்காலியில், நரைத்த தாடியோடு.

மாணிக்கவாசகத்தின் கண் நிறைந்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"கூடப்பிறந்தவன் போன சேதி கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லீங்கம்மா," என்றார் என்னிடம், படியில் வழிமறித்து. "பற்று அறுந்து போச்சு. நாமெல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கோம், நம்ம பூர்வ புண்ணியம்."

"அவர் ஷேவ் பண்ணிண்டே எத்தனை நாளாறது, பாத்தேளா?" என்றேன்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றார்.

அவரோடு பேச முடியாது.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வியாழன் கூடம் நிறைந்தது. யாரோ நாற்காலியில் பட்டுத் துணி விரித்தார்கள். யாரோ சாம்பிராணி கொண்டு வந்தார்கள். திருவான்மியூரிலிருந்தும் கே.கே. நகரிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. உட்காரப் பாய் என் வீட்டிலிருந்துதான் போனது. மகான் ஒன்றும் பேச மாட்டார், அதுவே விசேஷம். ரொம்பத் துளைத்தால், "எனக்கு ஒண்ணும் தோணலை," என்பார். உள்ளதைத்தான் சொன்னார். எண்ணம் அற்ற நிலை என்று அதற்கு மாணிக்கவாசகம் பக்கத்தில் நின்று உரை சொல்வார். சாப்பிடாதது விரதம். எலும்பு தெரிந்தது தேஜஸ். நான்கு நாள் குளிக்காததைக்கூட ஏதோ ஒரு பெரியவர் வாழ்க்கையோடு ஒப்பிட்டுவிட்டார். பழம் வாங்காமலே எங்கள் கட்டடம் முழுக்க வாழைப்பழம் தின்றது.

காமாக்ஷி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, இதெல்லாம் உனக்குச் சம்மதமா?"

துண்டை உதறி, கொடியில் போட்டு, நீவி விட்டாள். "பைத்தியம்னு சொல்றதுக்கு இது தேவலை மாமி," என்றாள். "விசாலாக்ஷி மாமி போன வாரம் வந்திருந்தா, பாத்தேளோ? கே.கே. நகர். பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான். மகான் ஆத்துப் பொண்ணுன்னா எங்களுக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்னுட்டா. நான் என்னன்னு சொல்லட்டும்? இவருக்குத் தலை சரியில்லைன்னா?"

சரிதான் என்றேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்குச் சர்க்கரை என்றால் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், ரத்தக்கொதிப்பு என்றால் ஆபீசர் வியாதி. மனசு என்று வாயெடுத்தால், அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஸ்ரீரஞ்சனிதான் அப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். தாயும் பெண்ணும் தாழ்ந்த குரலில் தினம் சண்டை போட்டார்கள். பாதிதான் கேட்கும். கடைசியில் அந்தப் பெண் செய்த காரியம் எனக்கே தோன்றியிருக்காது. அப்பாவை டாக்டரிடம் விட மாட்டேன் என்கிறார்கள், ஆனால் வியாழக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம். டாக்டரையே வரிசையில் உட்கார வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வெளிர் நீலக் கைத்தறிப் புடவையில் புதிதாக ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் மட்டும் எல்லோரையும் போல ஒரு சீப்பு வாழைப்பழம். டிக்கெட் எடுக்க ஏஜென்சிக்கு வந்து ஸ்ரீரஞ்சனிக்குப் பழக்கமானவள் என்றும், பெயர் நஸ்ருன்னிசா என்றும், அடையாறில் மனநல ஆலோசகர் என்றும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவள் முறை வந்தது. விழுந்து கும்பிடவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எல்லோரும் அங்கே கேட்பது ஒரே மாதிரிதான். என் பிள்ளைக்கு வேலை, என் வழக்கு, என் முட்டி வலி. இவள் கேட்டாள்:

"ராத்திரி தூக்கம் வருதா சார்?"

அவர் விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். நான் பார்த்த வரையில், அந்தக் கூடத்தில் அவர் ஒருத்தர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வரும். விடியறதுக்கு ரொம்ப முன்னாடி போய்டும்."

"முழிச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"இதைப் பார்த்துண்டு இருப்பேன்," என்று மேலே காட்டினார்.

"சாப்பாடு ருசிக்குதா?"

"காகிதம் மாதிரி."

அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, குரலை இன்னும் தணித்துக்கொண்டாள். நானும் நகர்ந்தேன். "இப்படியே எல்லாம் முடிஞ்சு போனா தேவலைன்னு தோணுதா?"

அவர் தலையை ஆட்டினார். மெதுவாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் ஆட்டுவது போல.

"முக்தி," என்று மாணிக்கவாசகம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முக்திக்குத் தயாராயிட்டார்." கூடத்தில் இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சமையலறை வாசலில் காமாக்ஷி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டு ஆடவில்லை. ஆனால் கற்பூரம் எரிந்து முடிந்து வெகு நேரம் வரைக்கும் அவள் அதை ஏந்திக்கொண்டே நின்றாள்.

கூட்டம் போன பிறகு என் ஜன்னலுக்கு நல்ல வேட்டை.

"நிச்சயதார்த்தம் வரைக்கும் பொறுத்துக்கோடி," என்றாள் காமாக்ஷி.

"அதுவரைக்கும் அப்பா இருக்கணுமேம்மா," என்றாள் பெண்.



மறுநாள் காமாக்ஷி என் வீட்டுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் அவர் திருவான்மியூர் மருந்தீஸ்வரரைத் தரிசனம் செய்யப் போகப்போவதாகவும், நான் துணைக்குப் போக முடியுமா என்றும் கேட்டாள். பெண்ணுக்கு ஆபீஸ். காமாக்ஷியும் வர மாட்டாளாம், அந்த மாதிரி டாக்டர் வீட்டு வாசலில் தன்னை யாராவது பார்த்தால் என்ன ஆவது. என்னைப் பார்த்தால்? நான் எங்கே வேண்டுமானாலும் நிற்பேன் என்று ஊருக்கே தெரியும்.

தெருமுனை ஸ்டாண்டு ரங்கனின் ஆட்டோ. "சாமி, பாத்து குனிஞ்சு ஏறு," என்று பயபக்தியோடு ஏற்றுவான். ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டும், இந்திரா நகர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடிக்கு முன்னால் நிற்கும். முதல் தடவை ரங்கன் திரும்பிப் பார்த்து, "கோயிலுக்குன்னு சொன்னியே மாமி," என்றான். "வழியிலே ஒரு வேலை. வாயை மூடிண்டு இரு," என்றேன். வாயை மூடு என்று நான் ஒருத்தருக்குச் சொல்ல நேர்ந்தது.

இரண்டு பிரம்பு சோபா, பழைய பத்திரிகைகள், மூடிய கதவு. அந்தக் கதவு தேக்கு. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ஒரு மணி நேரம் உள்ளே பேசுகிறார்களாம். பேசுவதற்கு ஒரு டாக்டரா, அதற்கு ஃபீஸா. இந்த வேலையை நான் கல்யாணமாகி வந்த நாளாக இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேனே என்று தோன்றியது.

வெளியே வந்த நஸ்ருன்னிசாவிடம், "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அதை அவர்கிட்டயே கேளுங்கம்மா. அவருக்கு இஷ்டம்னா சொல்லுவார்."

"எதிராத்துக்காரிம்மா நான்."

"அதனாலதான்," என்றாள், சிரிக்காமல்.

எனக்கும் அந்த அம்மாளுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. அவளுக்குச் சொன்னது அவளோடு நின்றது.

மாத்திரைக்கு இன்னொரு டாக்டரிடம் அனுப்பினாள். முதல் சில வாரம் மாத்திரையால் வாய் உலர்ந்ததும் தலை கனத்ததும்தான் மிச்சம். பிறகு தூக்கம் கொஞ்சம் நீண்டது. நான் அற்புதத்தை எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் அவர் பையை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்குப் போனார். இரண்டு பாக்கெட் பால், நடந்து போய் நடந்து வருவதற்குள் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. வந்து நாற்காலியில் விழுந்தார்.

அடுத்த செவ்வாய் ஆட்டோவில் கேட்டேன். "பால் வாங்கற மனசு வந்துடுத்தா?"

"மனசெல்லாம் வரலை மாமி. வராட்டாலும் போங்கோன்னா. மனசு வரட்டும்னு உட்கார்ந்திருந்தா, உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதானாம்." ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பது போலப் பேசினார். "கால் உடைஞ்சவனை ஓடுடான்னு யாரும் சொல்றதில்லை, நடக்கப் பழக்கறா இல்லையா, அந்த மாதிரின்னா. இது வியாதியாம். சோம்பேறித்தனமும் இல்லை, தெய்வ கடாக்ஷமும் இல்லையாம்."

"அந்தம்மா உள்ளே என்னதான் பேசறா?"

"அவ எங்கே பேசறா. நான்தான்." பாலம் வந்தது. ஆற்று நாற்றத்துக்கு நான் மூக்கை மூடிக்கொண்டேன். அவருக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. "அண்ணா போனப்போ நான் அழலை. அழணும்னு தெரியறது, வரலை. எனக்குப் பீஸ் கட்டினவர், வேஷ்டி வாங்கித் தந்தவர். நான் எப்பேர்ப்பட்ட பாவி பாருங்கோ. அதுக்குன்னே வாராவாரம் வந்து என் கால்ல விழறா. ஒவ்வொருத்தர் விழும்போதும், நீ அழலை, நீ அழலைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

மூக்கிலிருந்து கையை எடுத்தேன்.

"அதை டாக்டர்கிட்டே சொன்னேளா?"

"சொன்னேன். அழாதது நான் இல்லை, இந்த வியாதிதான்னா. துக்கத்தைக்கூட இது பிடுங்கிண்டுடுமாம். நம்பறேளான்னு கேட்டா. இன்னும் நம்பலைன்னேன். பரவாயில்லை, அடுத்த வாரம் வாங்கோன்னா."

இப்படியே ஆடி முடிந்தது. ஆவணியில் அவர் ஜன்ம நட்சத்திரம் ஒரு வியாழக்கிழமை வந்தது. மாணிக்கவாசகம் விடுவாரா. மொட்டை மாடியில் பந்தல், மைக் செட், நாகஸ்வரம் மட்டும்தான் பாக்கி. அன்றைக்கே நாள் நன்றாக இருக்கிறது, மகான் கையாலேயே தேங்காயும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நிச்சயதார்த்தத் தேதியைக் குறித்துவிடலாம் என்று விசாலாக்ஷி சொல்லியனுப்பியிருந்தாள். காமாக்ஷி எனக்குத் தெரிந்து ஒரு வருஷம் கழித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பந்தல் நிறைந்தது. மகானைக் காணோம். பாத்ரூமில் இல்லை, கூடத்தில் இல்லை. மாணிக்கவாசகம் மாடிப்படி வாசலில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து ஒல்லியாக ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். மழுமழுவென்ற முகம், மோவாயில் சின்னதாக ஒரு வெட்டு, அதில் சலூன்காரன் ஒட்டிய படிகாரப் பொடி.

"சார், வரிசையில வாங்க," என்றார் மாணிக்கவாசகம். "எல்லாருக்கும் தரிசனம் உண்டு."

வந்தவர் நின்று அவரைப் பார்த்தார். "நான்தான், மாணிக்கவாசகம்," என்றார் சுப்பராமன். "தினம் எங்காத்துலதானே பேப்பர் படிக்கறேள்?"

மாணிக்கவாசகம் வழி விட்டார். விட்டார் என்பதைவிட, சுவரில் சாய்ந்தார் என்பது பொருத்தம்.

பந்தலில் பட்டு விரித்த நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. முன்வரிசையில் விசாலாக்ஷி தேங்காய்த் தட்டோடு இருந்தாள். நேராக அவளிடம் போனார். மைக்கில் பேசவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்ட மாதிரிதான்.

"மாமி, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் மகான் இல்லை. எனக்கு மனசுல வியாதி. டிப்ரஷன்னு பேர். அடையாறுல ஒரு டாக்டர்கிட்டே போய்ண்டிருக்கேன், மாத்திரை சாப்பிடறேன். எங்கண்ணா போனப்போ நான் அழாதது வைராக்கியம் இல்லை. உடம்பு சரியில்லாததுதான். தெரிஞ்சுண்டு பொண்ணை எடுங்கோ. தெரியாம எடுக்க வேண்டாம்."

ஆட்டோவுக்கு வெளியே இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அரை வருஷமாகக் கேட்டதில்லை. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பால் விலை ஏறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

விசாலாக்ஷி தட்டை மடியிலிருந்து பக்கத்து நாற்காலிக்கு மாற்றினாள். "உடம்பைப் பாத்துக்கோங்கோ," என்றாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். தேங்காயை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

கூட்டம் கலைய நேரம் ஆகவில்லை. கொண்டு வந்த பழத்தையும் பலர் கையோடு எடுத்துக்கொண்டே போனார்கள். ஏமாற்றிவிட்டதாக ஒருத்தர் படியில் சொல்லிக்கொண்டு போனார். யார் யாரை என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கே.கே. நகரிலிருந்து போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம். ஏதோ இடிக்கிறதாம்.

"போனாப் போறதும்மா," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "அந்தப் பையன் என்னோட பேசினதே ரெண்டு வார்த்தை. ரெண்டும் கம்ப்யூட்டரைப் பத்தி."

காமாக்ஷி யாரோடும் பேசவில்லை. சோறு போட்டாள், தட்டைக் கழுவினாள். அவரும் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். பால் பூத்துக்குப் போவது நின்றது. வெள்ளி, சனி, ஞாயிறு, மழித்த முகத்தில் முள் முள்ளாக முளைக்க ஆரம்பித்தது. வேலைக்காரியிடம் கேட்டேன், மாத்திரை அட்டை மேஜையில் அப்படியே கிடக்கிறது என்றாள். கும்பிட ஆள் இல்லாததுதான் வித்தியாசம். இனி இவர் இப்படியே போய்ச் சேர்ந்தால் முக்தி என்று சொல்லக்கூட ஒருத்தர் வர மாட்டார் என்று நினைத்தேன். நினைத்தபோது அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் தலை வாரி, கைப்பையை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றேன். கீழே ரங்கன் ஹாரன் அடித்தான்.

அவர் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். "நான் வரலை மாமி."

"ஏன்?"

"என்னத்துக்கு. என் வாயால என் பொண்ணு கல்யாணம் போச்சு. போய் அதையும் சொல்லிட்டு வரணுமா."

உள்ளேயிருந்து காமாக்ஷி வந்தாள். கையில் இஸ்திரி போட்ட வேஷ்டி, சட்டை. அவளும் வெளியே போகிற புடவை கட்டியிருந்தாள்.

"எழுந்திருங்கோ," என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்காக மட்டும் இல்லை," என்றாள். முதல் தடவையாக எனக்கு ஜன்னல் தேவைப்படாத குரலில். "அண்ணா போன அன்னிக்கு நீங்க அழலை. அதை நான் அத்தனை பேர்கிட்டேயும் பெருமையாச் சொன்னேன். உங்க எதிர்லயே சொன்னேன், நீங்க கேட்டுண்டுதான் இருந்தேள். அன்னிக்கு அந்த அம்மா கேட்டதுக்கு நீங்க தலையை ஆட்டினதையும் நான் பார்த்தேன். பாத்துட்டும் இந்தச் சம்பந்தம் முடியட்டும்னு இருந்தேன். இதையெல்லாம் நான் எங்கே போய்ச் சொல்றது? அந்த டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிடுவாளா, கேளுங்கோ."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், காத்திருந்தேன். அழவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டார். பித்தானைப் போடக் கொஞ்சம் தடுமாறினார், ஒன்று தள்ளிப் போட்டார். அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். மேஜையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"மாமி, இன்னிக்கு நான் போறேன்," என்றாள் என்னிடம். "ரஞ்சனி வந்தா சாவி கொடுத்துடுங்கோ."

நானும் கூடவே படியிறங்கினேன். கீழே ரங்கன், "இன்னா சார், மூஞ்சி டல்லா கீது? ஏறு, காத்து வாங்கிக்கினே போலாம்," என்றான். சாமி என்று கூப்பிடுவதை அவன் விட்டுவிட்டிருந்தான்.

வாசல் கேட்டில் மாணிக்கவாசகம் நின்றிருந்தார். பழைய நினைப்பில், "எங்கேம்மா, கோயிலுக்கா?" என்றார்.

"இல்லை. அடையாறு. டாக்டர்கிட்டே," என்றாள் காமாக்ஷி. தெருவில் போகிற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டோ கிளம்பியது. பின்னால் இரண்டு தலை தெரிந்தது, ஒன்றை ஒன்று பார்க்காமல், இரண்டும் நேராக. நான் வாரின தலையும் கைப்பையுமாக நின்றேன்.

"தேறிடுவாரா?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

"தெரியலை," என்றேன். "போய்ட்டு வரட்டும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பேப்பர் வாங்கக் கடைப்பக்கம் நடந்தார்.